மாதிரி வரி

மூன்று பெரியவர்கள் இந்நேரம் மெக்தெஸ் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். பெண் கேட்டு அவர்களை அனுப்பியது நானாம்.

சத்தியமாக நான் அனுப்பவில்லை. எங்கள் பியாசா பேட்டையில் என்னைக் கேட்டு எது நடந்திருக்கிறது?

அவர்கள் பேச்சை எடுப்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று அவளுடைய கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு ஓடினேன். ஓடிய வேகம் வாசலோடு சரி. உள்ளே போய் அவள் மேஜை அருகே நின்றேன்.

எல்லாம் நான் எழுதிய அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் நிரலால் வந்த வினை.

மெக்தெஸின் கம்ப்யூட்டரில் இருந்தவை பழைய காலத்து அம்ஹாரிக் ஃபான்ட்கள். அச்சகத்தின் புது இயந்திரம் அவற்றைச் சீண்டவே இல்லை. பழையதைக் கொடுத்தால் புது வகையாக மாற்றித் தரும்படி ஒன்று செய்து கொடுத்தேன். பெரிய மேதை அல்லவா!

திறந்ததும் கண்ணில் பட அதில் ஒரு மாதிரி வரி வேண்டும். 'மெக்தெஸ், உன் வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்பட்டுமா?' என்று போட்டேன். நேரில் கேட்கத் துப்பில்லை.

அவள் தாராள மனசுக்காரி. தெருவில் கேட்ட கடைக்கெல்லாம் அதை நகலெடுத்துக் கொடுத்துவிட்டாள். புதுக் கம்ப்யூட்டர் வைத்திருந்த அத்தனை பேரும் படித்தார்கள். பைண்டிங் கடைப் பெரியவர் காஷே டெஸ்ஸெமா என்னைக் கண்டாலே, "என்னடா ஹப்தாமு, பதில் வந்துச்சா?" என்பார்.

வரவில்லை. அவள் தினமும் திறந்தாள், வேலையை முடித்தாள், மூடினாள். இதைவிட மரியாதையாக யாரும் மறுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மனசு விட்டுப்போயிற்று. அவள் கடையைத் தவிர்க்க ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கல்யாண மாதம் முடிய இருக்கிறது, இந்தப் பயல் தேறமாட்டான் என்று இன்று காலை காஷே டெஸ்ஸெமாவே கிளம்பிவிட்டார். கூட இரண்டு பேர். தோளில் வெள்ளைச் சால்வை. பெண் வீட்டார் சம்மதிக்கும்வரை பெரியவர்கள் உட்கார மாட்டார்கள். அவருக்கோ முழங்கால் வலி.

"நல்லவேளை வந்தே!" என்று மெக்தெஸ் திரையை என் பக்கம் திருப்பினாள். "பாவம், செஞ்சவன் மனசு நோகுமேன்னுதான் உன்கிட்ட கேக்கல. இங்க இருக்கற கட்டமெல்லாம் என்னப்பா? யாரைக் கேட்டாலும் சிரிக்கறாங்க."

மாதிரி வரி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெற்றுக் கட்டங்கள்.

அட மடையா!

வரியை நான் எழுதியது புது வகை எழுத்தில். அவளிடம் இருப்பதோ பழையது. புதியது இருந்திருந்தால் என் நிரல் அவளுக்கு எதற்கு? தெருவே படித்ததை அவள் ஒருத்திதான் படிக்கவில்லை.

திரையில் விரலை வைத்து, கட்டம் கட்டமாக வாசித்துக் காட்டினேன். பெரியவர்கள் போயிருப்பதையும் சொல்லிவிட்டேன்.

அப்போதே அவள் கைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்து வெகுநேரம் கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பா," என்றாள், "காஷே டெஸ்ஸெமாவுக்கு முழங்கால் வலி. முதல்ல உக்காரச் சொல்லுங்க."