ஸ்டெல்லாவின் சீப்பு

காலையில் அவரவர் சீப்பை அடுக்களை மேடையில் கொண்டுபோய் வைத்தால் போதும். எத்தனை முடி உதிர்ந்திருக்கிறதென்று பார்த்து, யாருக்கு என்ன சமைப்பதென்று அந்தத் தானியங்கி அடுக்களையே முடிவுசெய்து, சமைத்தும் கொடுத்துவிடும். இருதயராஜுக்கு வழுக்கை, அவருக்கு வெறும் இட்லிதான். மனைவி ஸ்டெல்லாவுக்கு முருங்கைக்கீரை அடை, அவித்த முட்டை, எள்ளுருண்டை.

ஸ்டெல்லா இறந்து ஏழு மாதமாகியும் அந்தத் தட்டு வந்துகொண்டிருந்தது. அவள் இறந்ததை அடுக்களையிடம் அவர் சொல்லவில்லை. உதிர்ந்த முடியைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகிவைப்பது அவள் வழக்கம். அந்தச் சுருளிலிருந்து தினமும் நாலைந்து முடியை உருவி, அவள் சீப்பில் சிக்கவைப்பார். எதிரில் ஒரு தட்டு ஆவி பறக்க இருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

சுருள் இளைத்துக்கொண்டே வந்தது. நாலு, மூன்றாகி, இரண்டாகி, இன்றைக்கு ஒரே ஒரு முடிதான் மிச்சம். அதையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல செய்தி சார்," என்றது அடுக்களை, இரண்டு தட்டையும் நீட்டியபடி. "அம்மாவுக்கு முடி கொட்டுறது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. நாளையிலேருந்து தனித் தட்டு வேண்டாம், உங்க தட்டு இட்லியே ரெண்டு பேருக்கும் போதும். அவங்ககிட்ட சொல்லிடுறீங்களா?"

"சொல்லிடுறேன்," என்றார் இருதயராஜ், எதிர்த்தட்டைப் பார்த்துக்கொண்டே.