கண் மட்டத்தில் ஒரு திரை

‘எத்தனை பொறுமை இந்த மனிதருக்கு!’ ஜெனிட்டா மனதுக்குள் வியந்தாள். கம்ப்யூட்டர் கடை வேதநாயகம் மானிட்டரை அவள் கண் மட்டத்துக்கு இறக்கினார். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி மேசையைத் தள்ளிப் போட்டார்.

“கழுத்து வலிக்குதாம்மா?”

“இல்ல சார். இந்தப் பதிப்பகத்துல எனக்கு யாரும் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்ல.”

“எடிட் பண்றவங்களுக்கு முழுப் பக்கமும் தெரியணும்ல?” என்று திரையை நெடுக்காகத் திருப்பினார்.

கிளம்பியவர் வாசலில் தயங்கி நின்றார். “நாளைக்கு என் நாவலை எடிட்டுக்கு எடுக்குறீங்களாமே. முதல் அத்தியாயத்துல மட்டும் கை வைக்காதீங்கம்மா. காவிரியில புதுத்தண்ணி வர்ற இடம், உயிரைக் கொடுத்து எழுதினேன்.”

அவளுக்கும் பிடித்த அத்தியாயம்தான். ஆனால், தண்ணீர் கல்லணையைத் தாண்டவே முப்பது பக்கம் ஆகியிருந்தது.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க சார். அதைத்தான் முதல்ல குறைக்கணும், சேர்ந்தே பார்ப்போம்” என்றாள் மெல்ல.