ஒட்டுத் தெரியாத சுவர்

அவன் மறுபடியும் தேடினான்.

இங்கேதான் இருந்தது. குழாய்க்காரன் உடைத்துவிட்டுப் போன இடம். போன வாரம் கொத்தனாரான அவன்தான் சிமெண்டு பூசி அடைத்தான். நேற்று அதன் மேலும் சுற்றிலும் பெயிண்டுக்கு அடியில் போடும் வெள்ளைப் பட்டி பூசினான். காலையிலிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

புதுப் பூச்சு எங்கே முடிகிறது? பழைய சுவர் எங்கே தொடங்குகிறது?

தெரியவில்லை.

தெரியாமல் இருப்பதற்குத்தானே இத்தனை பாடு! ஒட்டு மறைந்தால் கொத்தனாருக்குச் சந்தோஷம் வர வேண்டும். அவனுக்கு வந்தது சந்தேகம்.

மறைந்தது ஒட்டா, கண்ணா?

விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தான். மேடு இருந்தால் நிழல் விழும். விழுந்தது மாதிரிதான் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு முழம் தள்ளி நின்றது. இன்னொரு தரம் கசக்கினான். அதுவும் போயிற்று.

விரலால் தடவினான். அது இன்னும் மோசம். சிமெண்டு தின்ற விரல். ரேஷன் கடைக் கருவியே 'நீ யாரப்பா' என்று கேட்கிற விரல்.

கடைசியில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அவ்வளவுதான்.

போன வீட்டில் பெயிண்ட் அடித்த பிறகு ஒட்டு பல்லை இளித்தது. மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சு, கரண்டியக் கீழ வச்சிட்டு மண்ணு சலிக்கப் போயிரு சவரி."

மீசை முளைக்கும் முன்னே பிடித்த கரண்டி அது.

மதியம் பெயிண்ட்காரர்கள் வந்துவிடுவார்கள்.

லூர்து கலவைச் சட்டியைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அவன் பெண்டாட்டி. அவனுக்குச் சித்தாளும் அவள்தான்.

"என்ன, செவுத்துக்கு முத்தம் குடுக்குறீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொத்தனார் சித்தாளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டான்.

"ஒட்டுத் தெரியுதா லூர்து?"

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சுவரைவிட அவனைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"எங்க தெரியுது? பளிங்கு மாதிரி இருக்கு. போயி டீ குடிச்சிட்டு வாங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. படி இறங்கினான்.

பாதிப் படியில் கால் நின்றது. அவள் என்றைக்கு அவனை இவ்வளவு சுளுவாகப் பாராட்டியிருக்கிறாள்?

மேலே உப்புத்தாள் சத்தம் கேட்டது. சர்ர். சர்ர். யார் காதிலும் விழக் கூடாதென்று மெல்லத் தேய்க்கிற சத்தம்.

ஏறிப் போவதா, இறங்கிப் போவதா?

போய்ப் பிடுங்கித்தான் என்ன செய்வது? எந்த இடத்தில் தேய்ப்பது?

நெஞ்சு எரிந்தது. அவள் மேல் கோபமா, கும்பிடத் தோன்றியதா என்று அவனுக்கே விளங்கவில்லை.

எதிர்க் கடையில் டீ வாங்கிக் குடித்து முடித்தான். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். மங்கலாகத்தான் தெரிந்தது. முடித்திருப்பாளா?

கிளாஸைத் திரும்ப நீட்டினான்.

"இன்னொன்னு போடுண்ணே. நல்லா ஆத்திக் குடு. அவசரமில்ல."