ஒட்டிப்போன பக்கம்

வரிச் சட்டம் திருத்தப்படும்போதெல்லாம், அச்சிட்டு வரும் சீட்டைச் சட்டப் புத்தகத்தில் பழைய பிரிவின் மேல் ஒட்டுவது வரி அலுவலக நூலகர் தணிகாசலத்தின் வேலை. மேல் விளிம்பில் மட்டுமே பசை தடவ வேண்டும். பழைய வருடத்து வழக்கு வந்தால் சீட்டைத் தூக்கி, அந்த வருடத்துச் சட்டத்தைப் படிக்க வேண்டுமே.

அன்று தச்சர் மரியசூசை பழைய வருடத்து வரி பாக்கி விஷயமாகப் பார்வையற்ற மகளுடன் வந்திருந்தார். "கண்ணு தெரியாத பிள்ளைய வச்சிருக்கவங்களுக்கு அப்ப விலக்கு இருந்துச்சுங்க."

"அந்தப் பிரிவை எடுங்க தணிகாசலம்," என்றார் அதிகாரி.

சீட்டு தூக்க வரவில்லை. என்றோ அவசரத்தில் முழுக்கப் பசை தடவியிருந்தார்.

"அப்படி எதுவும் இல்ல சார்," என்றார் தணிகாசலம்.

படியிறங்கும்போது மகள் கேட்டாள். "இல்லைன்னுட்டாங்களாப்பா?"

"நாந்தாம்மா தப்பா நெனச்சிட்டேன்."

எல்லோரும் போனபின் தணிகாசலம் சீட்டை ஈரத்துணியால் நனைத்து உரித்தார். பழைய எழுத்துகள் அதன் முதுகில் இடவலம் மாறி ஒட்டிக்கொண்டு வந்தன. கழிவறைக் கண்ணாடியின் முன் பிடித்துப் படித்தார். விலக்கு இருந்தது, 'பார்வையற்ற மகன் அல்லது மகள்' என்பதுவரை தெளிவாக.

கண்ணாடியில் தன் முகம் மறையும்வரை சீட்டை உயர்த்தினார்.