நொண்டாமல் நடந்த பிள்ளை

தொலைபேசி அழைப்புகளில் சுருக்கி அனுப்பப்படும் முப்பரிமாண உருவங்களைப் பார்த்து, எது கண்ணுக்கு நன்றாக இருக்கிறதென்று மதிப்பெண் போடுவது செல்சியின் வேலை. நடை வழுவழுவென்று இருந்தால் எல்லோரையும்போல அவளும் அதிகம் போடுவாள். அந்த மதிப்பெண்களை வைத்தே உருவங்களைச் சுருக்கும் மென்பொருள் பழகும்.

அன்று மாலை வீட்டிலிருந்து போன அழைப்பில், நடுக்கடலில் கப்பல் அறைக்குள் மகள் நித்திலாவின் உருவம் நடந்து வருவதைக் கணவன் ஜெரோம் பார்த்தான்.

"செல்சி, பிள்ளை நொண்டாம நடக்காளே! அப்பம் ஆபரேஷன் வேண்டாம்லா?"

தூத்துக்குடி வீட்டில் நித்திலா வலது காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தாள். உருவத்தைச் சுருக்கிய மென்பொருள் அந்த இழுப்பைப் பிசிறென்று துடைத்திருந்தது.

"கால் அப்படியேதாங்க இருக்கு."

"என் கண்ணால பாக்கேன்லா?"

செல்சி மகளை மடியில் தூக்கி வைத்தாள். "நீயே சொல்லு பாப்பா."

"வலிக்குப்பா."

ஜெரோம், "டாக்டர்ட்ட தேதி கேளு" என்றான்.