நடவுக் கிழங்கு

சம்பூரணம் உள்ளே வந்தபோது மருமகள் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் ஒரு கிழங்கு. தோல் சீவி, வெள்ளையாக.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ குழம்புக்கு என்று நினைத்திருப்பார்கள்.

சம்பூரணம் காலையிலிருந்து அதைத்தான் உழுத காட்டில் நட்டுக்கொண்டிருந்தாள். கண்வலிக் கிழங்கு. விதையை மருந்துக்கு வாங்கிப் போவார்கள். செங்காந்தள். பூத்தால் வேலி முழுக்கத் தீப்பிடித்தது போலிருக்கும். பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. கிழங்கு விஷம்; ஆடுகூட மோந்து பார்க்காது.

சம்பூரணம் தின்றிருக்கிறாள். கல்யாணமான புதிதில், வீட்டில் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள்.

உடனே ஒன்றும் செய்யாது. அதுதான் அதன் குணம். தின்றவள் எழுந்து பாத்திரம் கழுவலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். மனம் மாற நேரம் கொடுக்கும். மாறிய மனதை மதிக்காது.

எப்படியோ பிழைத்தாள். தலைமுடி மொத்தமும் தலையணையில் கிடந்தது.

"வேண்டாஞ் சாமி." மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நானும் தின்னு பாத்தவதான். உசுரு லேசுல போவாது. நரகம் கண்ணு அது."

வசுமதி வலது காதைத் திருப்பிக் கேட்டாள். புருஷன் தண்டபாணி அறைந்ததிலிருந்து இடது காது கேட்பதில்லை.

"எனக்கில்லீங்க அத்தை."

சம்பூரணத்தின் பிடி தளர்ந்தது.

ஒரே மகன். மார்பில் வேப்பெண்ணெய் தடவியும் பால் மறக்காதவன். இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் அம்மா என்றுதான் முனகுவான்.

கை மட்டும் அப்பனுடையது.

சம்பூரணம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"துணியெடுத்துக்க. மத்தியான பஸ்ஸுக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு."

"அவரு வந்து கேட்டா?"

"எம் மகனுக்கு நாஞ் சோறு போட்டுக்கறேன்."

வெயிலில் இருவரும் நடந்தார்கள். பையைச் சம்பூரணமே தூக்கி வந்தாள். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டு, முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த வசுமதி சட்டென்று தலையை வெளியே நீட்டினாள்.

"அத்தை, அந்தக் கெழங்கு?"

"நடவுக்கு வெச்சிருக்கறேன்."

பஸ் நகர்ந்தது.

தோல் சீவிய கிழங்கு முளைக்காது. இருவருக்கும் தெரியும்.