கிழிசல்

“பாருங்க, பையிலயே கத்தரிக்கோல்!” என்று கத்தினான் கார்க்காரன்.

நர்ஸின் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலின் பிடி எட்டிப் பார்த்தது. இரவு டியூட்டி முடிந்து வந்தவளை வீட்டு வாசலிலேயே மறித்து, போலீசுக்குப் போவேன் என்று மிரட்டி, இந்தக் கார் ஆடியோ கடைக்குக் கூட்டி வந்திருந்தான், கீழ்வீட்டுக்காரனான அவன்.

“கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோல் எந்த நர்ஸ் பையிலயும் இருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடமா? வாய்க்கு வந்தபடி பேசாதீங்க.”

மெக்கானிக்கின் மேசைமேல் கார்க்காரனுடைய ஊஃபர் ஸ்பீக்கர் மல்லாந்து கிடந்தது. கூம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

“நேத்து டிக்கியைத் திறந்து போட்டுட்டு போன் பேச உள்ள போனேன். வர்றதுக்குள்ள கிழிச்சாச்சு. சத்தம் ஜாஸ்தின்னு தினமும் சண்டைக்கு வர்றது இந்தம்மா ஒருத்திதான். வேற யாரு செய்வா?”

“கடைக்குள்ள கத்தாதீங்க ரெண்டு பேரும்!” மெக்கானிக் எரிந்து விழுந்தான்.

இரண்டு கட்டை விரல்களாலும் கூம்பை அழுத்தினான். உள்ளே கரகரவென்று உரசியது. ஒயர் முனைகளில் மீட்டரை வைத்தான்; முள் அசையவே இல்லை.

“காயில் கருகிப்போச்சு சார். மோந்து பாருங்க.”

கார்க்காரன் குனிந்து முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தான். “கிழிஞ்ச பிறகு கொஞ்ச நேரம் பாடிச்சு, அப்புறம்தான் நின்னுபோச்சு. அப்போ ரப்பர்?”

“காலைல ஆறு மணிக்கே முழுசாத் திருகி வெச்சா கூம்பு எம்பி எம்பிக் குதிக்கும். ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? தானாப் பிஞ்சிருக்கு.”

“யாரும் கிழிக்கலங்கிறீங்களா?”

“கிழிச்சது வால்யூமைத் திருகின கைதான். பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசமா!”

“அவசரம்னா வேற கடை பாருங்க.”

கார்க்காரன் நர்ஸை எரித்துவிடுவதுபோல் முறைத்தான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“உண்மையைச் சொல்றேன் தம்பி. ராத்திரி பூரா நின்னுட்டு வந்து கண்ணை மூடினா கட்டிலே அதிரும். போய்க் கிழிச்சுப் போட்டுடலாம்னு எத்தனையோ நாள் பாதிப் படி இறங்கியிருக்கேன். கை வரல.”

மெக்கானிக் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நான் உங்களுக்குப் பின்வீடுதான்க்கா. எனக்குக் கை வந்துச்சு.”